ஐ.இ.பி.: பக்கத்துக்குப் பக்கம் ஒரு வழக்கு

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் ஆவணம் எழுதியாக வேண்டும். இருபது பக்கம் இருக்கும். சில பிள்ளைகளுக்கு நாற்பதையும் தாண்டும். இண்டிவிஜுவலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம், அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே வகுத்த கல்வித் திட்டம், என்பது முழுப் பெயர். ஐ.இ.பி. என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். 2022-23 கல்வியாண்டில் கூட்டாட்சிச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் சிறப்புக் கல்வி பெற்றவர்கள் சுமார் 75 லட்சம் பேர். பொதுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம்.

இந்தக் காகிதத்தை மெச்சிப் பேசுகிறவர்களைப் பார்ப்பது அரிது. பாடம் நடத்த வேண்டிய நேரத்தை இது தின்றுவிடுகிறது என்கிறார்கள் சிறப்பாசிரியர்கள். நியாயமான புகார்தான். பெற்றோருக்கோ, இது நம் பிள்ளையைப் பற்றி எழுதியதுதானா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சுருக்கெழுத்துகளும் கட்டங்களும். வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி நீட்டுகிற தாளில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டோம். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நினைப்பு. இங்கே அந்த நினைப்பு பிள்ளைக்கு உதவாது. ஏனென்றால் இந்த ஆவணமே பள்ளிகள் மேல் இருந்த அவநம்பிக்கையில் பிறந்தது. இதில் உள்ள கட்டங்களில் பல, எங்கோ ஒரு பள்ளி ஒரு பிள்ளையைக் கைவிட்டு, பெற்றோர் நீதிமன்றம் போனதால் வந்தவை. அந்தக் கதை தெரிந்தால், எந்தப் பக்கத்தை ஊன்றிப் படிப்பது, எதைப் புரட்டிவிட்டுப் போவது என்பது பிடிபட்டுவிடும்.

1970களின் தொடக்கம் வரை பல மாநிலங்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுப்பது சட்டப்படியே செல்லும். பென்சில்வேனியாவில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளைக்கு இடம் மறுக்கலாம் என்று விதியே இருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1971-ல் மாநில அரசு உடன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே 1972-ல் தலைநகர் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஏழு பிள்ளைகள் சார்பில் தொடுத்தது. எல்லோருக்கும் செலவழிக்கப் பணம் இல்லை என்றது கல்வி நிர்வாகம். நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்கவில்லை. பணம் போதவில்லை என்றால் இருக்கிற பணத்தை நியாயமாகப் பங்கிடுங்கள், பற்றாக்குறையின் பாரம் முழுவதும் இந்தப் பிள்ளைகள் தலையில் விழக் கூடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஒரு பிள்ளையை வகுப்பிலிருந்து மாற்றவோ விலக்கவோ வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும், பெற்றோர் மறுத்தால் விசாரணை நடத்த வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு விரிவாக வகுத்துச் சொன்னது. இன்று ஐ.இ.பி.யோடு சேர்த்து ஒரு கட்டு 'உங்கள் உரிமைகள்' தாள்கள் தருகிறார்களே, யாரும் படிக்காமல் இழுப்பறையில் போடுவது, அதன் பூர்வீகம் இதுதான்.

1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நாடு தழுவிய சட்டம் கொண்டுவந்தது. நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு மேல் உரிய கல்வி கிடைக்கவில்லை, 10 லட்சம் பேர் பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கிறார்கள் என்று அந்தச் சட்டமே பதிவு செய்தது. நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். கூடவே ஒரு முணுமுணுப்பு அறிக்கையும் விட்டார். கூட்டாட்சி அரசு தரக்கூடியதைவிட அதிகமாக இந்தச் சட்டம் வாக்குக் கொடுக்கிறது, வரிப்பணம் கல்விக்குப் போகாமல் நிர்வாகக் காகிதத்துக்குப் போகப்போகிறது என்று. ஆக, காகிதம் பற்றிய புகாரும் சட்டமும் ஒன்றாகவே பிறந்தவை. 1990-ல் சட்டத்துக்கு ஐடியா (மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் மாறியது. கடைசியாகப் பெரிய அளவில் திருத்தியது 2004-ல்.

வாக்குக் கொடுத்ததைப் பற்றி ஃபோர்டு சொன்னது பலித்தது. ஒரு சராசரி மாணவருக்கு ஆகும் செலவில் 40 சதவீதம் வரை, ஒவ்வொரு சிறப்புக் கல்விப் பிள்ளைக்கும் கூட்டாட்சி அரசு தரும் என்பது 1975-ன் கணக்கு. இப்போது வருவது 15 சதவீதத்துக்கும் கீழே. மிச்சம் மாநிலத்தின் தலையிலும் உள்ளூர்ச் சொத்து வரியின் தலையிலும். அதே நேரம், பணமில்லை என்று சொல்லி ஒரு பிள்ளைக்குத் தேவையான சேவையை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அப்புறம் என்ன ஆகும்? மறுப்பு வேறு சொற்களில் வரும். "உங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படாது." "மதிப்பெண் நன்றாகத்தானே இருக்கிறது." எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்பது, "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு டெக்சாஸில் ஒரு பெரிய கதை உண்டு. 2004 முதல் அந்த மாநிலக் கல்வித் துறை, பள்ளி மாவட்டங்களை (உள்ளூர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களை) கண்காணிக்கும் அளவுகோல்களில் ஒன்றாக 8.5 சதவீதம் என்று ஓர் எண்ணை வைத்தது. மொத்த மாணவர்களில் அதற்குமேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் மாவட்டத்துக்குக் கெட்ட புள்ளி. மாவட்டங்கள் புரிந்துகொண்டன. மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது, வேறு ஏதாவது பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று வருடக்கணக்கில் இழுப்பது, சிறப்புக் கற்பித்தல் இல்லாமல் சில வசதிகளை மட்டும் தரும் 504 திட்டத்துக்குத் தள்ளிவிடுவது என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. 2016-ல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று முடிவு சொன்னது. டாலஸை ஒட்டிய பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் தமிழர்கள் வந்து நிறைந்த அதே ஆண்டுகள் இவை.

எனவே முதல் காகிதம் பெற்றோர் எழுதுவது. வகுப்பு வாசலில் டீச்சரிடம் கவலையாகச் சொன்னதற்குத் தேதி கிடையாது, சாட்சி கிடையாது. "என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்று பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதியோடு நாலு வரி எழுதி, பள்ளி முதல்வருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். டெக்சாஸில் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; பெற்றோர் சம்மதம் தந்தபின் அறிக்கைக்கு 45 பள்ளி நாட்கள். கலிஃபோர்னியாவில் மதிப்பீட்டுத் திட்டத்தை 15 நாட்களில் தர வேண்டும். சம்மதத்திலிருந்து 60 நாட்களில் கூட்டமும் முடிய வேண்டும். நியூ ஜெர்சியில் கோரிக்கைக்குப் பின் 20 நாட்களுக்குள் ஒரு கூட்டம். சம்மதம் தந்த பிறகு எல்லாம் முடிய 90 நாட்கள். மாநிலம் தனியாக வரையறுக்காத இடத்தில் கூட்டாட்சிக் கணக்கு 60 நாட்கள். மறுப்பதானாலும் பள்ளி எழுத்தில்தான் மறுக்க வேண்டும், காரணத்தோடு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பள்ளி வேலை இல்லை. முன்கூட்டிய தலையீட்டுத் திட்டம் என்று தனிப் பிரிவு, தனி ஆவணம்.

இங்கே நம் வீடுகளில் நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரில் தாத்தா பாட்டியிடம் கேட்டால், "அவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். மதிப்பீடு கேட்பதால் அந்த உண்மைக்கு ஒரு குறைவும் வராது. தேவையில்லை என்றால் தேவையில்லை என்றே எழுதிக் கொடுப்பார்கள். இன்னொரு பக்கம், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறான் என்று அறிவுரை சொல்கிற பள்ளிகளும் மருத்துவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை. பாட்டியோடு பேசுகிற மொழியைப் பறித்துவிட்டு எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்பது என் கட்சி. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலம் போதாமைதான் முக்கியக் காரணம் என்றால் ஒரு பிள்ளையைக் குறைபாடுள்ளவர் என்று முத்திரை குத்தக் கூடாது; முடிந்தவரை பிள்ளையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும். கூட்டத்தில் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் பள்ளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் நாள் முழுக்கப் பேசுகிறவருக்கும் மதிப்பீட்டு அறிக்கையின் ஆங்கிலம் வேறு மொழிதான். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மதிப்பீடு முடிந்ததும் வருவது தகுதிக் கேள்வி. இதில்தான் முதல் ஏமாற்றம் நிகழும். மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோனால் போதும் என்று நினைப்போம். போதாது. சட்டம் வகுத்த 13 பிரிவுகளில் ஒன்றில் பிள்ளை வர வேண்டும், அது படிப்பைப் பாதிக்க வேண்டும், அதனால் சிறப்புக் கற்பித்தல் தேவைப்பட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஐ.இ.பி. கிடைக்கும். கற்பித்தலை மாற்ற வேண்டியதில்லை, கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற வசதிகள் போதும் என்றால் 504 திட்டம். அது 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அது, ஐ.இ.பி.க்கு இருப்பது போன்ற விரிவான பாதுகாப்புகள் அதில் இல்லை. மோசமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஆனால் மதிப்பீடே செய்யாமல் 504-ஐ நீட்டினால் கவனமாக இருங்கள், டெக்சாஸ் செய்தது அதைத்தான். பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், பள்ளிச் செலவிலேயே வெளி நிபுணரை வைத்து மதிப்பீடு செய்யக் கேட்கலாம். பள்ளி ஒன்று பணம் கட்ட வேண்டும், இல்லை தன் மதிப்பீடு சரி என்று நிரூபிக்கத் தானே விசாரணைக்குப் போக வேண்டும். சும்மா மறுக்க முடியாது.

சரி, கூட்டம். டெக்சாஸில் இதை ஏ.ஆர்.டி. என்பார்கள்; நியூ ஜெர்சியில் மதிப்பீடு செய்யும் குழுவுக்குச் சைல்டு ஸ்டடி டீம் என்று பெயர். மேசையின் ஒரு பக்கம் வகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், மாவட்டத்தின் சார்பில் வளங்களை ஒதுக்க அதிகாரம் உள்ள ஒருவர். மறுபக்கம் அப்பா, அம்மா. பல சமயம் அம்மா மட்டும். சட்டப்படி பெற்றோர் அந்தக் குழுவின் உறுப்பினர், விருந்தாளி இல்லை. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், திரையில் ஏற்கெனவே நிரப்பிய வரைவு ஓடும், ஒவ்வொருவரும் தம் பகுதியைப் படிப்பார்கள், ஐம்பது நிமிடத்தில் "கேள்வி ஏதும் இருக்கிறதா?" வரும். அந்த வரைவைச் சில நாட்கள் முன்பே அனுப்பச் சொல்லிக் கேட்பது பாதி வேலை. பிள்ளையின் பள்ளிப் பதிவேடுகளைக் கூட்டத்துக்கு முன் பார்க்கும் உரிமையும் உண்டு. வர வேண்டிய உறுப்பினர் ஒருவர் வராமல் இருக்கப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். "டீச்சருக்கு வேறு வகுப்பு, பரவாயில்லையா?" என்று தாளை நீட்டினால், பரவாயில்லையா என்று யோசித்துவிட்டுச் சொல்லலாம்.

ஆவணத்துக்குள் போனால், அடித்தளம் 'தற்போதைய நிலை' என்கிற பகுதி. பிள்ளைக்கு இன்று என்ன தெரிகிறது, எங்கே தடுக்குகிறது என்பது. இது பொத்தாம்பொதுவாக இருந்தால் மேலே கட்டுவது எதுவும் நிற்காது. "இனிமையான பிள்ளை, நண்பர்களோடு பழகுகிறான், வாசிப்பில் உதவி தேவை" என்பது படிக்க நன்றாக இருக்கும், அளக்க உதவாது. இதற்குப் பக்கத்தில் இலக்குகள். "மாணவன் வாசிப்புத் திறனில் முன்னேற்றம் காண்பான்" என்று ஒரு வரி இருந்தால், ஆண்டு இறுதியில் அவன் முன்னேறினானா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னேறினான் என்றே எழுதிவிடுவார்கள். இதையே இப்படி எழுதலாம்: "இப்போது இரண்டாம் வகுப்புப் பத்தியை நிமிடத்துக்கு 40 சொல் சரியாக வாசிக்கிறான். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள், முன்பு பார்த்திராத இரண்டாம் வகுப்புப் பத்தியை நிமிடத்துக்கு 80 சொல் சரியாக வாசிப்பான். தொடர்ந்து மூன்று சோதனைகளில். சிறப்பாசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளப்பார்." எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் இந்த இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு டிசம்பரிலேயே கேட்கலாம், 40 எவ்வளவு ஆயிற்று என்று. மதிப்பெண் அட்டை வருகிறபோதெல்லாம் இலக்குகளின் முன்னேற்ற அறிக்கையும் வர வேண்டும்.

இலக்குப் பக்கத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1982-ல் ரௌலி வழக்கு. செவித்திறன் குறைந்த ஒரு சிறுமிக்கு வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அவள் ஏற்கெனவே வகுப்புக்கு வகுப்பு தேறுகிறாள், கல்வியில் ஓரளவு பயன் கிடைத்தால் போதும் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதுதான் அடுத்த 35 ஆண்டுச் சண்டை. பூஜ்யத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் சரி என்று சில நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர், பொதுப் பள்ளியில் அவனுடைய இலக்குகள் ஆண்டுக்கு ஆண்டு கிட்டத்தட்ட அப்படியே திரும்ப வருவதைப் பார்த்து, தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு அந்தச் செலவைக் கேட்டு வழக்காடினார்கள். அதுதான் எண்ட்ரூ எஃப். வழக்கு. 2017 மார்ச்சில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, கொஞ்சத்துக்கும் கொஞ்சம் மேல் என்பது போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்குப் பொருத்தமான முன்னேற்றத்தைத் தரும் வகையில் ஐ.இ.பி. வகுக்கப்பட வேண்டும் என்றது. போன ஆண்டின் ஐ.இ.பி.யை இந்த ஆண்டினுடையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று அனுபவப்பட்ட பெற்றோர் சொல்வது வெறும் சூட்சுமம் இல்லை. அந்த வழக்கில் பெற்றோரின் கையில் இருந்த வலுவான ஆதாரமே வெட்டி ஒட்டிய இலக்குகள்தான்.

அடுத்து பணம் ஒளிந்திருக்கும் பக்கம்: சேவைக் கட்டம். பேச்சுப் பயிற்சி என்று எதிரே எண்கள் இருக்கும். வாரம் இருமுறை, முறைக்கு 30 நிமிடம், தனியாக, வகுப்புக்கு வெளியே என்று இருக்கலாம். மாதம் 120 நிமிடம், குழுவாக என்றும் இருக்கலாம். மாதத்தில் நான்கு வாரம் என்று வைத்தால் முதலாவது 240 நிமிடம், அதுவும் ஒருவரோடு ஒருவர். இரண்டாவது அதில் பாதி. அந்தப் பாதியிலும் கூட மூன்று நான்கு பிள்ளைகள். மாதக் கணக்கில் எழுதினால் பயிற்சியாளர் ஒரு வாரம் விடுப்பெடுத்தால் அடுத்த வாரம் நகர்த்திக்கொள்ளலாம். பள்ளிக்கு வசதி, சில சமயம் பிள்ளைக்கும் வசதி. ஆனால் வாரம் தவறினால் கண்டுபிடிப்பது கடினம். 'தேவைக்கேற்ப' என்று ஒரு சொல் இந்தக் கட்டத்தில் வந்தால் அதற்கு எண்ணாகச் சொன்னால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் எவ்வளவு அன்பாகப் பேசியிருந்தாலும், இந்தக் கட்டத்தில் ஏறாதது பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஏறிவிட்டால், பயிற்சியாளர் கிடைக்கவில்லை என்பது பள்ளியின் பிரச்சினை. விட்டுப்போன நேரத்தை ஈடுகட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வசதிகள் பகுதியில் ஒரு நுணுக்கம் மட்டும். கூடுதல் நேரம், பெரிய எழுத்து, வினாவை வாசித்துக் காட்டுவது எல்லாம் பாடத்தை மாற்றுவதில்லை. பாடத்தையே குறைப்பது வேறு. உயர்நிலைப் பள்ளியில் அது எந்த வகைச் சான்றிதழோடு வெளியே வருகிறார் என்பதுவரை போய்ச் சேரும். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி 'டிக்' கட்டங்களாக இருப்பதால் தெரியாமல் நழுவிவிடும். எந்த வகுப்பறையில் படிப்பது என்பதில் சட்டத்தின் சாய்வு பொது வகுப்பின் பக்கம்தான். ஐ.இ.பி. உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளி நேரத்தில் 80 சதவீதமாவது பொது வகுப்பில் கழிக்கிறார்கள்.

கையெழுத்துக்கு வருவோம். முதன்முதலாக மதிப்பீடு செய்யவும், முதன்முதலாகச் சேவை தொடங்கவும் பெற்றோர் சம்மதம் கட்டாயம். அதற்குப் பிறகு நாடு முழுக்க ஒரே விதி இல்லை. நியூ ஜெர்சியில் கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தால் புதிய ஐ.இ.பி. 15 நாட்களில் தானாக நடைமுறைக்கு வந்துவிடும். தடுக்க வேண்டுமானால் அதற்குள் சமரசமோ விசாரணையோ கோர வேண்டும். கலிஃபோர்னியாவில் சில பகுதிகளுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்கலாம். ஆகவே கோபத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவது எல்லா ஊரிலும் எதிர்ப்பு ஆகாது. வந்திருந்தேன் என்பதற்கான கையெழுத்து வேறு, ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கான கையெழுத்து வேறு. எது எந்தக் கோடு என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

பெற்றோர் அதிகம் கண்டுகொள்ளாத, ஆனால் என் கணக்கில் இந்தக் கட்டிலேயே கூர்மையான தாள் ஒன்று உண்டு. முன்னறிவிப்புக் கடிதம். பள்ளி எதையாவது மாற்ற முன்வந்தாலும், பெற்றோர் கேட்டதை மறுத்தாலும், இதைத் தர வேண்டும். என்ன முடிவு, ஏன், எந்த மதிப்பீட்டை வைத்து, வேறு என்னென்ன வழிகளை யோசித்து ஏன் தள்ளினோம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்றோருக்குப் புரியும் மொழியில், சாத்தியமானால் அவர்களுடைய தாய்மொழியிலேயே. வாய்மொழியாக "அதெல்லாம் இங்கே கொடுப்பதில்லை" என்று சொன்னவரிடம், "சரி, அந்த மறுப்பை முன்னறிவிப்புக் கடிதமாகத் தாருங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பேச்சின் தொனியே மாறிவிடும். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வது கடினம் என்றால், மறுப்பே தளரும்.

தளராவிட்டால் சமரசம், மாநிலத் துறைக்குப் புகார், கடைசியாக விசாரணை. விசாரணை நடக்கும்வரை பிள்ளை இருக்கும் ஏற்பாடு அப்படியே தொடரும் என்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் இந்தக் கட்டத்தில் தராசு சாய்ந்துவிடுகிறது. யார் மாற்றம் கேட்கிறாரோ அவரே நிரூபிக்க வேண்டும் என்று 2005-ல் ஷாஃபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலும் கேட்பது பெற்றோர்தானே. நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் பிறகு தனிச் சட்டம் போட்டு அந்தப் பொறுப்பைப் பள்ளி மாவட்டத்தின் மேல் வைத்தன. 2006-ல் இன்னொரு தீர்ப்பு: பெற்றோர் வென்றால் வக்கீல் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம், நிபுணர் கட்டணம் கிடைக்காது. வசதியுள்ளவர் வெளி நிபுணரோடு வருகிறார், இரண்டு வேலை பார்க்கும் தாய் கூட்டத்துக்கே வர முடிவதில்லை. காகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் படிக்க நேரமும் தெம்பும் உள்ளவர்களுக்கே அது அதிகம் வேலை செய்கிறது. இந்தச் சட்டத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஒவ்வொரு மாநிலத்திலும் கூட்டாட்சி நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி மையம் ஒன்றாவது உண்டு, இலவசமாக வழிகாட்டுவார்கள். நம் ஆட்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆசிரியர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சிறப்பாசிரியர் பொறுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தால் அத்தனை ஐ.இ.பி., அத்தனை கூட்டங்கள், காலாண்டுக்கு அத்தனை முன்னேற்ற அறிக்கைகள். மென்பொருளில் இலக்குகள் பட்டியலாக வரும். தேர்ந்தெடுத்து ஒட்டிவிடுவது மனித இயல்பு. 2004 திருத்தத்தில் நாடாளுமன்றம் சுமையைக் குறைக்கப் பார்த்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறுகியகால இலக்குகள் எழுத வேண்டியதில்லை என்றது. சில மாநிலங்களில் மூன்றாண்டு ஐ.இ.பி.யைச் சோதித்துப் பார்க்கவும் வழி வைத்தது. முதலாவது நிலைத்தது. விளைவு, ஆசிரியருக்குக் கொஞ்சம் எழுத்து மிச்சம். பெற்றோருக்கு அக்டோபரிலேயே பிள்ளை பின்தங்குவதைக் காட்டிய படிக்கட்டுகள் போயின. மூன்றாண்டுத் திட்டம் வழக்கமாகவில்லை. போனால் போகட்டும்.

நம்மவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. சிறப்புக் கல்வி வாங்கினால் கிரீன் கார்டு பாதிக்குமா? பாதிக்காது. இது அரசு உதவித்தொகை இல்லை, பொதுக் கல்வியின் பகுதி; அரசுக்குச் சுமையாவாரா என்ற கணக்கில் வராது. பள்ளிச் சேவைக்கு விசா நிலையும் பொருட்டில்லை. ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று 1982-லேயே பிளைலர் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

மாநிலம் மாறிப் போனால், புதிய பள்ளி தன் மதிப்பீட்டை முடிக்கும்வரை பழைய ஐ.இ.பி.க்கு இணையான சேவையைத் தர வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பினால் கதை வேறு. அங்கே 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் பேசுகிறது. ஆனால் கதவைத் திறக்கும் காகிதம் மருத்துவக் குழு தரும் சதவீதச் சான்று. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் எல்லைக்கோடு. அந்த எண் எவ்வளவு குறைபாடு என்று சொல்லும், திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று சொல்லாது. தனிநபர் கல்வித் திட்டம் என்ற பெயரில் அங்கேயும் எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆனால் நிமிடம் குறைந்தது என்று பெற்றோர் வழக்காடும் அளவுக்கு அதற்குச் சட்ட வலு கிடையாது. திரும்பிப் போகும் குடும்பங்கள் அமெரிக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் பத்திரமாகக் கொண்டுபோவது நல்லது. பள்ளியைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அக்கறையுள்ள சிறப்பாசிரியர் ஒருவருக்கு அது பயன்படும்.

பிள்ளை வளர வளர ஆவணமும் மாறும். 16 வயதுக்குள், டெக்சாஸ், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் 14-லேயே, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் அதில் சேர வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதானதும் கையெழுத்து உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடும்; ஓராண்டு முன்னதாகவே இதைத் தெரிவிக்க வேண்டும். வழக்கமான சான்றிதழோடு பட்டம் பெற்றாலோ, மாநிலம் வகுத்த வயது வரம்பு வந்தாலோ உரிமை முடிகிறது. பல மாநிலங்களில் அந்த வரம்பு 21 அல்லது 22. வெளியேறும்போது பள்ளி ஒரு சுருக்க அறிக்கை தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியில் ஐ.இ.பி. செல்லாது. அங்கே மாணவரே மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்துக்குப் போய், தன் குறைபாட்டுக்கான ஆவணங்களைக் காட்டி, எந்த வசதி வேண்டும் என்று தானே கேட்க வேண்டும். பெற்றோர் தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் பேசக்கூட மாட்டார்கள். அதனால்தான் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டுகளில், கூட்டத்தில் தன் ஐ.இ.பி.யைத் தானே படித்து விளக்கும்படி மாணவரைப் பழக்குகிறார்கள் சில சிறப்பாசிரியர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பக்கத்தோடு அதை ஆரம்பிக்கலாம்.